மைக்கில் விழுந்த வயிற்றுச் சத்தம்

1.
இந்தக் கதை என்னுடையதில்லை. டப்பிங் கூடத்தில் ஒலிப்பதிவு செய்யும் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னது. சொன்னதோடு விட்டாரா? "என்ன மனசும்மா அந்தப் பொண்ணுக்கு!" என்று உருகினார். அதற்குமேல் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.
பல வருடமாக நாயகிகளுக்குக் குரல் கொடுத்த ஓர் அக்கா, அன்று நாயகியின் தோழிக்குப் பேச வந்திருந்தாள். நாயகியின் குரல் நேற்று வந்த சின்னவளுக்குப் போய்விட்டது. இருவரும் ஒரே மைக் முன்னால். அக்காவின் வசனம்: "உனக்குக் கிடைச்சா எனக்கே கிடைச்ச மாதிரிடி!"

தேனாகத்தான் பேசினாள். பேசி முடித்த மறுநொடி அவள் வயிறு கடகடவென்று உருண்டது. மைக் அதையும் வாங்கிக்கொண்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி உருண்டது. இத்தனைக்கும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவள்.

[மனம் விழுங்கியதைக் குடல் எப்படி... வேண்டாம். மனசுக்கும் குடலுக்கும் நரம்பு வழியாகப் பேச்சுவார்த்தை உண்டு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கென்ன வேலை?]

"ஆளை மாத்திடலாமா?" என்று டைரக்டர் முனகியது அக்காவின் காதில் விழுந்தது. தோழியின் குரலும் போனால் பிழைப்பே போச்சு.

3.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்: "யாரு வயிறுங்க அது?"

அக்காவின் முகம் வெளிறியது. அப்போது சின்னவள்,

(அ) களுக்கென்று சிரித்தாள். [எனக்கு ஆசைதான். சிரிக்கவில்லையாம்.]

(ஆ) "அக்காவுக்கு வயசாச்சுல்ல, அதான்..." [இதையும் அடித்துவிட்டேன். என்ன முயன்றும் அவளைக் கெட்டவளாக்க முடியவில்லை.]

நடந்தது இதுதான். "என்னுதுதான் சார்! காலைல சாப்பிடாம ஓடி வந்துட்டேன்" என்றாள் சின்னவள்.

அக்கா அவளையே பார்த்தாள். பாவி மகளே, குரலை எடுத்துக்கொண்டது போதாதா, நல்ல பேரும் உனக்குத்தானா? இருந்தாலும் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். வயிறு முந்திக்கொண்டது.

4.
பிறகு அக்கா என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியும். கேட்கலாம்தான். கேட்டால் மறுபடியும் அந்தச் சின்னவளின் பெருமை ஆரம்பிக்கும்.

இதோ, பக்கத்து அறையிலிருந்து அவர் குரல்: "ஏம்மா, உன் வயித்துச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. பசிக்குதா?"

அந்தக் காதைக் கட்டிக்கொண்டு நான் படும் பாடு!

"ஆமாங்க, பசிதான்" என்கிறேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சின்னவளை மட்டும் ரொம்ப நல்லவளாக்கிவிடாதீர்கள். நான் இன்னும் சாப்பிடவில்லை.