ஆக்ஸிலியா பேரில் ஒரு வண்டி

கொடைக்கானல் ஜீப் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வண்டி வாங்கினால் பெண்டாட்டி பேரில் வாங்கு, மலை ரோட்டில் சக்கரம் சறுக்காது. எந்த மகராசன் கிளப்பிவிட்டானோ! பெண்டாட்டி பேரில் வாங்கிய வண்டிகளும் பள்ளத்தில் உருண்டிருக்கின்றன. அதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆரோக்கியதாஸ் தன் முதல் ஜீப்பைப் பெண்டாட்டி ஆக்ஸிலியா பேரில்தான் வாங்கினார். பதினாலு வருஷம் நியூசிலாந்தில் மெக்கானிக் வேலை பார்த்து, கடைசியில் அங்கே ஒரு வேன் வாங்கியபோதும் அதே பேர்தான்.

அது சாதாரண வேன் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற ஜப்பான் வண்டி. சேறு, சரளை, செங்குத்து மேடு எதற்கும் அசராது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஒரு குட்டி வீடாகவே ஆக்கிக்கொள்ளலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆக்ஸிலியா ஒரு மாசம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, "வா, ஒரு கையெழுத்துப் போடு" என்று கூட்டிப்போனார். போட்டாள். வெளியே வந்ததும் சாவியை அவள் கையில் வைத்து, "இனிமே இதுதான் நம்ம வீடு. நான் ஊருக்கு வந்ததும் கவுஞ்சி, மன்னவனூர், வேளாங்கண்ணின்னு ரெண்டு பேரும் இதுலயே சுத்தலாம்" என்றார். வண்டியைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. 'ஊருக்கு வந்ததும்' என்றாரே, அது மட்டும்தான் காதில் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? வருகிறேன் வருகிறேன் என்றே பதினாலு வருஷத்தை ஓட்டிய மனுஷர். "ஒரு வருஷந்தான் ஆக்ஸி." மகள் படிப்புக்கு ஒரு வருஷம், வீட்டுக்கு மாடி எடுக்க ஒரு வருஷம், மகள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம். எதுவும் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மகள் வயசுக்கு வந்தது, மாமனார் செத்தது, தனக்குக் கர்ப்பப்பையை எடுத்தது என்று எல்லாவற்றையும் ஆக்ஸிலியா ஒத்தையாளாகவே தாண்டினாள். பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் ஊரான் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு தட்டு மட்டும் கழுவி வைப்பாள்.

ஆனால் இந்த ஏப்ரலில் நிஜமாகவே வந்துவிட்டார். ரெண்டு பெட்டியோடு ஆள் விமானத்தில் வர, வண்டி பின்னாலேயே கப்பலில் கிளம்பியது. அதுவரை சும்மா இருக்கமாட்டாமல், வெள்ளனே எழுந்து மண்வெட்டியோடு போய் வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டி, சரளை கொட்டி, வண்டி நிற்க ஒரு இடம் செய்தார். ஆக்ஸிலியா கண் விழித்துப் பார்க்கும்போது அடுப்படியில் அவர் காப்பி கலக்கும் சத்தம் கேட்கும். எழுந்திருக்காமல் அப்படியே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். 'மாதாவே, வேற ஒண்ணும் வேணாம், இந்த மனுஷன் இங்கேயே இருக்கட்டும்.' அவ்வளவுதான் அவள் செபம்.

ஜூலையில் மும்பையில் இருந்து ஏஜென்ட் ஞானவேல் பேசினார். துறைமுகத்தில் வண்டியை விடுவித்துத் தர ஆரோக்கியதாஸ் அமர்த்திய ஆள். போனில் அவர் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"சார், வெளிநாட்டுல இருந்துட்டுத் திரும்பி வர்றவரு, அங்க தன் பேர்ல வச்சிருந்த வண்டியைத்தான் உள்ள விடுவாங்க. இது அம்மா பேர்ல இருக்கு. அம்மா அங்க இருந்ததே ஒரு மாசம். ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தான்யா வாங்குவோம்!"

"ஊர் வழக்கம் கஸ்டம்ஸுக்குத் தெரியுமா சார்?"

"என்ன ஆனாலும் சரி, நான் எங்க போக வேண்டியிருந்தாலும் சரி, அந்த வண்டியை விடமாட்டேன்" என்று கத்தினார் ஆரோக்கியதாஸ்.

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த ஆக்ஸிலியாவின் கை நின்றுவிட்டது. எங்க போக வேண்டியிருந்தாலும் சரி. கோபத்தில் மனுஷர் ஆயிரம் சொல்வார். அவளுக்கு அந்த ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஆகஸ்டில் ரெண்டு பேரும் ரயிலேறி மும்பை போனார்கள். துறைமுகக் கிடங்கில் ஒரே ஒரு தடவை வண்டியைப் பார்க்க விட்டார்கள். வண்டி உயரம், அவளுக்கோ முழங்கால் வலி. எப்படி ஏறுவது என்று நின்றவளுக்கு, அவர் கதவுக்குக் கீழே இருந்து ஒரு படியை இழுத்துவிட்டார். தானே செய்து பற்றவைத்த படி. உள்ளே அலமாரி அவள் கை எட்டும் உயரத்தில் இருந்தது. உப்புக்கும் புளிக்கும் தனித்தனி அறை. ஜன்னலோரம் மாதா சொரூபம் வைக்க ஒரு மாடம்.

"மேல வச்சா உனக்கு எட்டாதுல்ல, அதான் கீழ எறக்கிட்டேன். வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து ரெண்டு வருஷமா இதான் என் சோலி" என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷர் தன்னை இப்படி அளந்து வைத்திருக்கிறாரே!

அப்புறம் கஸ்டம்ஸ் அலுவலகம். வண்டிக்கு உரியவரும் ஏஜென்டும் மட்டும் உள்ளே வரலாம் என்றுவிட்டார்கள். உரியவர் ஆக்ஸிலியா. ஆரோக்கியதாஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதிகாரி ஒரு பெண். நல்ல மாதிரிதான் பேசினார். அவர் இந்தியில் சொன்னதை ஞானவேல் தமிழில் சொன்னார்.

"ரெண்டு வழிதாம்மா இருக்கு. ஒண்ணு, வண்டியை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். இங்க கொண்டாரணும்னா சார் மறுபடி அங்க போயி, தன் பேருக்கு மாத்தி, ஒரு வருஷமாவது வச்சிருந்து எடுத்துட்டு வரணும். இல்லன்னா, வண்டி வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம். ஆனா இங்க ரோட்ல ஓட்ட முடியாத வண்டி, யாரும் ஏலம் எடுக்கமாட்டாங்க. ஒடச்சுப் போட்டுருவாங்க. சாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்குவோமா?"

ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தின் நீளம் ஆக்ஸிலியாவுக்குத் தெரிந்த மாதிரி அந்தக் கட்டிடத்தில் யாருக்குத் தெரியும்?

"வேணாம்" என்றாள். எழுதிக் கொடுக்கிற தாளில் கையெழுத்துப் போட்டாள். "தம்பி, மொத வழி இருக்குன்னு அவருக்குச் சொல்லிராதீங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

ஞானவேல் அவளையே பார்த்தார். தாளை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

வெளியே வந்து, "ஒரு வழியும் இல்லன்னுட்டாங்க. ஒடச்சுப் போட்டுருவாங்களாம்" என்றாள் புருஷனிடம். கட்டிய நாளிலிருந்து அவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

"சரி விடு. வா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. குடும்பம் அழவேண்டிய நேரங்களில் அவர் ஊரில் இருந்ததில்லையே.

ஊர் திரும்பிய பிறகு அவர் அவளைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஒன் பேர்ல போடாம இருந்திருந்தா இந்நேரம் வண்டி வாசல்ல நிக்கும். மன்னிச்சுக்க ஆக்ஸி." சாப்பிடும்போது சொல்வார், செபமாலை முடித்துச் சொல்வார். "விடுங்க, விடுங்க" என்பாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பள்ளங்கியில் இருந்து பழைய ஜீப் கூட்டாளி மரியசெல்வம் ஒரு மூட்டை விதைப்பூண்டோடு வந்தார். "ஏலே ஆரோக்கியம், எடம் சும்மாதான கெடக்கு? பூண்டு போடு, மனசு தேறும்" என்று சொல்லி, நாள் முழுக்கக் கூட இருந்து, வண்டிக்காகக் கொட்டிய சரளையை அள்ளிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினார். அவர் போனதும் ஆக்ஸிலியா டீ கொண்டுபோனாள். ஆரோக்கியதாஸ் மண்ணைக் கிளறியபடியே பேசினார்.

"செல்வம் ஒண்ணு கேட்டான். வண்டியத் திருப்பி அனுப்ப வழி இருந்திருந்தா, நீயும் பின்னாடியே போயிருப்பியாடான்னு."

"என்ன சொன்னீங்க?"

"நான் எதுக்குப் போறேன்? அங்க டேவிட்டுனு என்கூட வேலை பாத்த பய இருக்கான். நீயே வச்சு ஓட்டிக்கடான்னு அனுப்பியிருப்பேன். நம்ம கையால செஞ்சது, எங்கயோ ஒரு ரோட்ல ஓடுதுன்னாவது இருக்கும். ஒடச்சுப் போட்டாய்ங்களே, அதான் தாங்கல." மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "பதினாலு வருஷம் ஒன்ன விட்டுட்டு இருந்தது பத்தாதா? இனிமே ஒரு நாள் இருக்கமாட்டேன் ஆக்ஸி."

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவள் அத்தனை வருஷம் காத்துக் கிடந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது அவளுக்கே அவளுக்கென்று இருந்திருக்கும். முடியவில்லை.

"வழி இருந்துச்சுங்க."

அவர் திரும்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி சொன்னது, ஞானவேல் கேட்டது, தான் வேணாம் என்றது, கையெழுத்துப் போட்டது. சொல்லி முடிக்கும்போது அழுகையில் பாதி வார்த்தை விளங்கவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"நான் வெளியதானடி உக்காந்திருந்தேன். என்னய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா போயிருவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் கிளறிய மண்ணிலேயே மெல்ல உட்கார்ந்தார். "அப்ப, நான் வந்துட்டேன்னே நீ இன்னும் நம்பல" என்றார்.