பிரமாணத்துக்கு முன் கொடுத்த வாக்கு

ஜங்லிகாட் வார்டில் ஜெயித்த நாளிலிருந்து பன்னீர்செல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டால் மெம்பர்தானே என்று நினைத்துக்கொண்டார். முனிசிபல் போர்டு ஆபீசில் பிரமாணம் எடுக்கும்வரை பழைய மெம்பர் வேதநாயகம்தான் மெம்பர் என்று சொன்னவர்களும் உண்டு. யார் காதில் வாங்கினது? பிரமாணம் செய்துவைக்க வேண்டிய அதிகாரி மெட்ராஸ் போயிருந்தார். தீவுக்குக் கப்பல் வந்தால்தான் அவர் வருவார். கப்பல் என்றைக்கு நம் சௌகரியத்துக்கு வந்திருக்கிறது?

அதுவரை சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் இருந்தாரா? மாலையும் கழுத்துமாக ஊர்வலம் போனார். தோற்றுப்போன வேதநாயகத்தின் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி வெடி கொளுத்தச் சொன்னார். வேதநாயகம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தார் பன்னீர்செல்வம்.

அந்த மிதப்பு இறங்குவதற்குள் ஆரோக்கியசெல்வி வந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மார்க்கெட் ஓரம் தரையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். மாதா கோவிலில் ஒன்றாக நிற்கிற வேதநாயகத்தை விட்டுவிட்டு இவருக்கு ஓட்டுப் போட்டவள்.

"அண்ணே, மழையில ஒக்கார முடியல. அந்த மூலையில ஒரு கொட்டாய் போட்டுக்கட்டா? சர்க்கார் எடம்னு வெரட்டுதாவ."

"போடும்மா. நான் சொல்றேன்ல? எவன் வந்து கேக்கறான்னு பாத்துடறேன்."

அவள் நம்பினாள். காதில் கிடந்த கம்மலை விற்று மரமும் தகரமும் வாங்கிக் கொட்டகை போட்டாள். மழையில் நனையாமல் உட்கார்ந்து மீன் விற்றாள், பாவம், கொஞ்ச நாள்.

ஒரு காலையில் போர்டு இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து இறங்கினார். பன்னீர்செல்வம் எதிர் டீக்கடையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

டீக்கடை சொக்கலிங்கம் அவர் பக்கமாகக் குனிந்தார். "உங்க பேச்சு இன்னும் செல்லாதுங்க. வேதநாயகம் ஒரு வார்த்தை சொன்னா, போர்டு கூடற வரைக்கும் இன்ஸ்பெக்டர் இடிக்காம நிறுத்தி வைப்பாரு. வேதநாயகம் இப்ப ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டியிலதான் இருக்காரு. ஓடிப் போய்க் கையோட கூட்டிட்டு வாங்க."

வேதநாயகத்திடமா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? சாத்திய ஜன்னல் கண்ணுக்குள் வந்தது. பன்னீர்செல்வத்தின் கால் நகரவில்லை. சரி, அது போகட்டும். எதிரே போய், 'நான்தான் போடச் சொன்னேன்' என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் அவருக்கு வாய் வரவில்லை.

"கிஸ்னே போலா? சொல்லு, யார் கட்டச் சொன்னது?" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

ஆரோக்கியசெல்வி தெருவைத் தாண்டிப் பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் கெட்டினேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தகரம் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. கடைசித் தகரம் விழும்வரை அவர் அங்கேயே நின்றார். அதன் பிறகு யாராவது "மெம்பர் சாப்" என்று கூப்பிட்டால் உடம்பு கூசியது.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. பன்னீர்செல்வம் பிரமாணம் எடுத்தார். எடுத்த கையோடு, உட்காராமல், "மார்க்கெட் கொட்டகையை என் பேச்சைக் கேட்டுத்தான் அந்தம்மா போட்டாங்க. குத்தம் என்னுது. எனக்கு என்ன தண்டனையோ குடுங்க" என்றார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "அப்போது நீங்கள் மெம்பரே இல்லை. நீங்கள் சொன்னதற்கு மதிப்பும் கிடையாது, தண்டனையும் கிடையாது. உட்காருங்கள்."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு திட்டு விழுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

திரும்பும் வழியில் மார்க்கெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆரோக்கியசெல்வி பழையபடி தரையில், கூடையோடு, தூறலில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"பிரமாணம் ஆயிட்டாமே அண்ணே. இப்பம் நெசமாவே மெம்பரு. இனி கொட்டாய் போடலாமாண்ணே?"

தலையாட்ட ஆசைதான். ஒற்றை மெம்பர் தலையாட்டினால் நடந்துவிடுமா? அது இப்போது அவருக்குத் தெரியும்.

"மனு எழுதிக் குடும்மா. போர்டுல வச்சுக் கேக்கணும். அவங்க சரின்னு சொன்னாத்தான்…"

அவள் கோபப்படவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாண்ணே" என்றாள். பிறகு உட்கார்ந்து, நனைந்த சாக்கை மீன்மேல் இழுத்து மூடினாள்.