படியேறிப் போன நீலம்

வைகாசி மழை பிடித்த வாரத்தில், வடிவேல் வீட்டுச் சுவரில் இருந்த நீலம் கிளம்பி, பாதையைக் கடந்து, படியேறி, ஜெயகாந்தன் வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேப்பிரிவில் அந்த வாரம் வேறு சங்கதிகளும் நடந்தன. கரண்டு போனது, கரட் விலை இறங்கியது, பஸ் வராமல் பள்ளிப் பிள்ளைகள் நடந்தே போனார்கள். நீலம் மழைத் தண்ணீரில் கரைந்திருந்தால் கீழே சனம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம்தான் ஓடியிருக்க வேண்டும். தண்ணீர் மேட்டில் ஏறாது. நீலம் ஏறியது, வழியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் அதற்கு ஒதுங்கி வழிவிட்டதாகச் சொன்னார்கள்.

நிறம் ஓடிப்போவது அந்தப் புது வீட்டு வரிசைக்குப் புதிதல்ல. எல்லா வீட்டிலும் ஐப்பசியில் பூசியது ஆனிக்குள் தோலாக உரிந்து மழைத் தண்ணீர் ஓடும் காணுக்குள் விழும். தீபாவளிக்குப் பூசாத வீட்டை வீடென்று யாரும் மதிப்பதில்லை. ஆகவே சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் ஐப்பசியிலேயே, துணியால் ஒரு துடை துடைத்து, பாசிக்கு மேலேயே பூசிவிடுவார்கள். வடிவேல் ஃபெக்டரியில் நாள் முழுக்கக் கொழுந்தை வாடவைக்கிறவன். ஈரத்தைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவனும் அப்படித்தான் பூசினான். இதில் பெரிய வேடிக்கை, விழுவதற்கென்றே பூசிவிட்டு, விழுந்ததும் பெயின்டைத் திட்டுவதுதான். அவன் வீட்டு நிறம் மட்டும் விழாமல் இடம் மாறியதுதான் அந்த வருஷத்துப் புதுமை.

இடம் மாறியதோடு போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். நீலம் பூசிய அன்று வடிவேலின் மனைவி பூரணி கால் வழுக்கிச் சுவரில் கையை ஊன்றியிருந்தாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்து காய்ந்திருந்தன. நீலம் போனபோது அந்தக் கையும் கூடவே போய், ஜெயகாந்தன் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றது. ஜெயகாந்தனோ பெண்சாதியை இழந்தவன், தனியாள், நுவரெலியா மரக்கறி லொறி ஓட்டுபவன், பார்க்கவும் லட்சணமானவன். இனி என்ன வேண்டும்? பீலிக்கரையில் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேசினார்கள்.

வடிவேல் வேவு பார்த்தான். அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தான், பூரணியின் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தான், அவள் படியைக் கடக்கும்போது தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனம் பார்க்க, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் படியேற்றி, அந்த நீலக் கையின் மேல் அவள் கையை வைத்தான். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஜெயகாந்தன் அப்போதுதான் லொறியை விட்டு இறங்கி வந்தான். "அண்ணே, தங்கச்சிய விடுங்க. நான் சுவத்தக் கழுவிப் பாத்துட்டேன், போக மாட்டேங்குது" என்றான். அது நிலைமையை இன்னும் கெடுத்தது.

பூரணி கையை உருவிக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்: "எங் கைதான். எங்க வீட்டுல நான் ஊன்டுன கை. அது நடந்து வந்துச்சு. நான் வரல."

ஹட்டனில் பெயின்ட் வாங்கிய கடையில் போய் வடிவேல் நியாயம் கேட்டான். கடைக்காரர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். மழையைத் தாங்கும் என்று போட்டிருந்தது. மழையில் கிளம்பிப் போகாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பூரணியைக் கினிகத்தேனையில் இருக்கும் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் விரல்கூடப் படாமல் அவனே தனியாக மஞ்சள் பூசி முடித்த பிறகுதான் அவளைக் கூட்டிவந்தான். வைகாசியில் மஞ்சளும் படியேறிப் போய் நீலத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மஞ்சளில் கை எதுவும் இல்லை. வேறு ஒருவனாயிருந்தால் அதோடு மனசு ஆறியிருக்கும். வடிவேலுக்கு, கை இல்லாமலே போகிறதென்றால் அவள் நினைப்பு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாமே சாட்சிதான்.

"நீ உங்கம்மா வீட்டோடயே இருந்துக்க" என்றான். "இந்தத் தீபாவளிக்கு வரவேணாம், அடுத்த தீபாவளிக்கும் வரவேணாம்."

பூரணி அன்றைக்கு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொழுந்து எடுக்க மலைக்குப் போகவும் வரவும் ஜெயகாந்தன் சுவரைப் பார்க்காதே பார்க்காதே என்று ஒரு வருஷமாக மிரட்டப்பட்டதால், அந்தச் சுவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். தீபாவளி நேரத்தில் லொறிக்காரனுக்கு வீட்டுக்கு வர நேரமிருக்காது. அவன் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி மாதம், பனி விலகி வெயில் காயும்போதுதான் பூசுவான். அவன் வீட்டில் பாசி ஏறி யாரும் கண்டதில்லை.

"ஏங்க, இந்தத் தீபாவளிக்குச் சுவத்த சும்மா விடுங்க. மாசில பூசுவோம். அதுக்கப்புறமும் நெறம் படியேறிப் போச்சுன்னா, நீங்க சொல்ல வேணாம், நானே பொட்டியக் கட்டிட்டுப் போறேன்."

வடிவேல் அதில் ஏதும் சூது இருக்கிறதா என்று ஒரு வாரம் யோசித்தான். சூது பிடிபடவில்லை. சரியென்றான்.

பூரணி கொழுந்து எடுத்து வந்த கையோடு மாலைகளில் சுவரைச் சுரண்டினாள். பழைய தீபாவளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாசியைத் தேய்த்துக் கழுவிய பிறகு சிமெந்து வெறுமனே நின்றது. தீபாவளியன்று பலகாரத் தட்டோடு வந்தவர்கள் சுவரைப் பார்த்துத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்கள். சாவு வீடு மட்டுமே அப்படி நிற்கும். மார்கழிப் பனி போய், தை வெயில் சுவரைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்கும் அளவுக்குக் காயவைத்தது. மாசியில் இருவரும் பச்சை பூசினார்கள். கையை ஊன்றாமல் பூசும்படி வடிவேல் கவனமாகப் பார்த்துக்கொண்டான்.

வைகாசி மழை வந்தது. வடிவேல் ஃபெக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, குடையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்தான். பூரணியின் பெட்டி உள்ளே கட்டித் தயாராக இருந்தது. கட்டியவள் அவளேதான், அவளுக்கும் ரோஷம் உண்டு. மழை பெய்து தீர்த்தது. பச்சை அசையவில்லை.

அதற்குப் பதிலாக, பின்வீட்டுச் சின்னத்தம்பியின் ரோஸ் நிறம் கிளம்பி வந்தது. இதுவரை அதற்குப் போய்ச் சேரக் கிட்டத்தில் காய்ந்த சுவர் எதுவும் இருந்ததில்லை. வடிவேல் வாசல் பக்கம் காவலிருந்ததால் அது பின்பக்கமாக வந்து, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சௌகரியமாக ஒட்டிக்கொண்டது. அதில் சின்னத்தம்பியின் மனைவி ஜீவராணியின் கை, வளையல் தடத்தோடு, அச்சாக இருந்தது.

சின்னத்தம்பி ஃபோனில் அதைப் படமெடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். பின்னால் ஜீவராணி தலையைக் குனிந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பீலிக்கரை முழுதும் நின்றது.

"அண்ணே, இது எப்புடி ஒங்க ஜன்னலுக்கு வந்துச்சு?"

வடிவேல் நாற்காலியை விட்டு எழுந்தான். "சத்தியமா எனக்கு ஒன்னுந் தெரியாது தம்பி. நீயே கேளு, பூரணியக் கேளு" என்றான்.

எல்லாரும் பூரணியைப் பார்த்தார்கள். அவள் கட்டிய பெட்டியை அவிழ்த்துச் சேலைகளை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு சேலையை மடித்தாள், இன்னொன்றையும் மடித்தாள். வடிவேல் நின்ற இடத்திலேயே வேர்த்துப்போனான், அந்தக் குளிரில்.

"என்னையக் கேட்டா?" என்றாள் கடைசியில். "அன்னைக்கு மேல வீட்டு வாசல்ல நான் ஒன்னு சொன்னேன்ல. அத நீங்களே சொல்லுங்க."

வடிவேல் சனத்தைப் பார்த்தான், சின்னத்தம்பியைப் பார்த்தான், தலை குனிந்து நின்ற ஜீவராணியைப் பார்த்தான்.

"கைதான் நடந்து வந்துச்சு" என்றான். "அவ வரல."

பூரணி மடித்த சேலைகளை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மேப்பிரிவில் இன்றும் தீபாவளிக்குத்தான் பூசுகிறார்கள். சாவு வீடு மாதிரி நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. வைகாசியில் நிறங்கள் கிளம்பிக் காய்ந்த சுவர்களுக்குப் போகின்றன, எதிரில் வந்தவர்கள் குடையைச் சாய்த்து வழிவிடுகிறார்கள். அந்த மாதம் முழுக்க வடிவேல் விடிந்ததும் வீட்டைச் சுற்றி வந்து, புதிதாக யாருடைய கை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பான். ஜெயகாந்தன் தன் சுவருக்குப் புதிதாகப் பூச நினைத்த வருஷம், படியில் நின்று, "தங்கச்சி, ஒங்க கைய அழிச்சிரட்டுமா?" என்று கேட்டான். வடிவேல் பக்கத்தில்தான் நின்றான்.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள் பூரணி. "மழைக்கு ஒதுங்குன கை."

ஜெயகாந்தன் அதைச் சுற்றிப் பூசினான்.