குருகிராம் லிஸ்ட்டில் இல்லாத பொங்கல்

வல்லத்திராக்கோட்டையில் ஆனந்தராஜ் வீட்டு வாசலில் ஏற்றிய பொங்கல் பானை, ஒன்றரை மணி நேரம் தீ எரிந்தும் சூடேறவில்லை. விறகெல்லாம் சாம்பலாகிவிட்டது, பாலில் ஒரு குமிழி வரவில்லை. தொட்டுப் பார்த்தவர்கள் ஜில்லென்று இருப்பதாகச் சொன்னார்கள். கல்யாணமாகி நாலே மாதம், வனிதாவுக்கு அது தலைப்பொங்கல். இலுப்பூரிலிருந்து அவள் அப்பா சீராகக் கொண்டுவந்து இறக்கிய புதுப் பித்தளைப் பானை அது. தெருவே பொங்கலோ பொங்கல் என்று கூவி, சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் ஆனந்தராஜ் காதில் ஹெட்போனோடு எட்டிப் பார்த்தான். "மீட்டிங்ல இருக்கேன், சத்தம் போடாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அவன் கம்பெனிக்கு ஹெட் ஆபீஸ் ஹரியானாவில், குருகிராமில் இருக்கிறது. இவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அங்கே அன்று வெறும் திங்கட்கிழமை.

பிறகு நடந்ததை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. பானை சரியில்லை என்று பானையை மாற்றினார்கள். பசு சரியில்லை என்று பாலை மாற்றினார்கள். ஜோசியரைக் கேட்டு அடுப்பைத் திருப்பி வைத்தார்கள். அடுத்த தையிலும் பால் அசையவில்லை. அதே பாலைப் பக்கத்து வீட்டு அடுப்பில் ஏற்றியதும் பொங்கி வழிந்தது. ஆனந்தராஜின் அம்மா சொர்ணம் உடனே கண்டுபிடித்துவிட்டாள். "இவ நெழலு பட்டுத்தான் பால் செத்துப்போச்சு." வந்திருந்த சொந்தக்காரக் கூட்டம் வனிதா வடித்த சோற்றைத் தின்றுகொண்டே ஆமா ஆமா என்று தலையாட்டியது. த்தூ! மற்றதையெல்லாம் மாற்றியாயிற்று, மிச்சம் மருமகள்தான், அவளை இலுப்பூருக்கே அனுப்பிவிடுவது என்று முடிவானது. ஆனந்தராஜ் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். பொங்கலுக்கு ஒருநாள் லீவு கேளுங்கள் என்று இரண்டு வருடமும் அவள் கெஞ்சியிருக்கிறாள். "கம்பெனி லீவு லிஸ்ட்ல இல்லாத நாளுக்குக் கேட்டா மேனேஜர் மூஞ்சியச் சுளிப்பாரு" என்பான். பெண்டாட்டி மூஞ்சியை அவன் ஏறிட்டும் பார்த்ததில்லை.

பங்குனியில் ஒரு காலை, வனிதா பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றபோது, சமையல்கட்டில் அடுப்பே பற்றவைக்காமல் சொம்புப் பால் நுரைத்துப் பொங்கியது. பிரிட்ஜுக்குள் இருந்த பால் பாக்கெட்டும் வெடித்தது. பால் நடுவீட்டைத் தாண்டி ஓடிவந்து அவள் கால்விரல்களை நனைத்தது. மணி பத்தாகியும் ஆனந்தராஜ் போர்த்திப் படுத்திருந்தான்.

"இன்னைக்கு ஒங்களுக்கு வேலை இல்லீங்களா?"

"ஹோலி. அங்கிட்டு லீவு."

"அந்த லிஸ்ட்ட எடுங்க."

எடுத்தான். ஹோலி இருந்தது, அந்த ஊர்ப் பண்டிகை தீஜ் இருந்தது, ஹரியானா தினம் இருந்தது. பொங்கல் இல்லை. வனிதா அதைச் சொர்ணத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒங்க மகனுக்கு லீவுன்னாத்தான் இந்த வீட்டுல பால் பொங்கும் அத்தை." "இங்கிலீசுல எழுதிக்கெடந்தா எனக்கென்னடி தெரியும்?" என்றாளே தவிர, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆமா ஆமா கூட்டம் மறுநாளே வனிதாவுக்கு நல்ல கைராசி என்று பேசத் தொடங்கியது. அதே வாய்கள்தான், கழுவக்கூட இல்லை.

இப்போது அந்த வீட்டுக்குப் பொங்கல் நவம்பர் ஒன்றாம் தேதி, ஹரியானா தினத்தன்று. ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பால்காரர் முதல்நாளே வந்து இரண்டு லிட்டர் கூடப் போடவா என்று கேட்டுவிடுகிறார். அந்த மாதத்தில் மஞ்சள் கொத்துக்கு எங்கே போவது, மளிகைக்கடை விரலி மஞ்சளைப் பானைக் கழுத்தில் கட்டிவிட்டு, "வனிதா, வந்து அரிசியப் போடும்மா" என்று சொர்ணம் தேனொழுகக் கூப்பிடுவாள். வனிதா அந்தப் பையை இன்றுவரை பிரிக்கவில்லை. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "எனக்கும் இன்னைக்கு லீவுதான் அத்தை" என்று இலுப்பூர் பஸ் ஏறிவிடுவாள். தீயில்லாமலே பால் பொங்கி வீடெல்லாம் ஓடும். சொர்ணம் குனிந்து துடைப்பாள். ஆனந்தராஜ் கட்டிலில் உட்கார்ந்தபடி காலை மட்டும் தூக்கிக் கொடுப்பான்.