வெண்ணெயில் வைத்த மாத்திரை

மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. மகேஸ்வரி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டில் இருந்த நொடிமுள் ஒன்றைத் தாண்டி, இரண்டையும் தாண்டிய பிறகுதான் அது மறுபடி ஏறியது.

"அண்ணி, இங்க வாங்க. இவருக்கு மூச்சு சரியா வரல."

அடுப்படியில் கேழ்வரகுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த சாமியாத்தாள் கரண்டியோடு எட்டிப்பார்த்தாள். "தூங்கட்டும் விடு புள்ள. மூணு மாசமாத் தூங்காத மனுசன்."

அரைமணி நேரத்துக்கு முன்பு மகேஸ்வரியும் அப்படித்தான் நினைத்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் தன் பக்கத்தில் தூங்கிய முகம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று மணி ஒன்பது வரைக்கும் சந்தோஷமாக இருந்தாள். பிறகு குறட்டை வந்தது. குறட்டை நின்றது. இப்போது ஒன்பதரை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது.

லிங்கப்பன் இதே ஊரில், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். அடித்தொண்டையில் புற்று. பெங்களூரில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாயெல்லாம் புண். வலிக்கு அங்கே கத்தரிப்பூ நிறத்தில் சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று, வேளை தவறக் கூடாது. வேளை தவறாமல் கொடுத்த வரைக்கும் அவர் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

தம்பியைப் பார்க்க ஹனூரிலிருந்து அக்கா சாமியாத்தாள் வந்தது முந்தாநாள். கேழ்வரகும், மாதேஸ்வரன் மலைத் தேன் ஒரு பாட்டிலும் கொண்டுவந்திருந்தாள். வந்தவள் மாத்திரையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அபினுல பண்றதாமா. எங்கூரு மல்லப்பன் சொன்னான். பழகிப்போச்சுன்னா மனுசன் மனுசனா இருக்கமாட்டானாம். ஒரு வேளை விட்டுத்தான் பாரேன். நானென்ன, என்ற தம்பிக்குக் கெட்டதா நெனைப்பேன்?"

அவள் கெட்டது நினைக்கமாட்டாள் என்பதால்தான் மகேஸ்வரி நேற்று இரவு மாத்திரையை விட்டுவிட்டாள். விடிவதற்குள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எட்டு மணிக்கு அவள் இரண்டை எடுத்தாள். நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று. அவர் வாயில் போட்டு, விழுங்க முடியாமல், உள்ளங்கையில் துப்பினார்.

பெங்களூர் நர்ஸ் கன்னடத்தில் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மெல்லக் கூடாது, கடிக்கக் கூடாது. வாய் புண்ணாக இருக்கிறதே, அதனால் சொல்கிறாள் என்று அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தாள். அரைத்துக் கொடுத்தால் மெல்லவே வேண்டாமே! பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பதென்றால் தேனில் குழைத்துத்தான் எந்த வீட்டிலும் கொடுப்பார்கள். ஏலக்காய் இடிக்கும் சின்ன உரலில் இரண்டையும் போட்டு நைய இடித்தாள். மேலே கத்தரிப்பூ, உள்ளே வெள்ளை. மலைத்தேன் விட்டுக் குழைத்து விரலால் நாக்கில் தடவினாள்.

"என்ன மகேசு, ஏலக்காய் வாசனை?" என்று அந்த வலியிலும் கேட்டார். "பாயசமா?"

"ஆமா, உங்களுக்கு மறு கல்யாணம்."

அவர் சிரித்தார். அதுதான் கடைசியாகப் பேசியது.

இப்போது தோளைப் பிடித்து உலுக்கினாள். "மாமா! மாமா!" இமை கீற்றாகத் திறந்து மூடியது.

"மாமா, மூச்சு இழுங்க!"

இழுத்தார். அவளுக்கே திகைப்பாக இருந்தது. சொல்லாவிட்டால் இல்லை, சொன்னால் இழுக்கிறார்.

பக்கத்து வீட்டுச் சந்திரன் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தான். அவள் ஓடி வந்த விதத்தைப் பார்த்ததுமே துணியை வீசிவிட்டு வந்தான். இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். சாமியாத்தாள் பெங்களூர்ச் சீட்டும் மாத்திரைப் புட்டியும் இருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

"இழுங்க மாமா." ஏறியது. "விடுங்க. இழுங்க, திரும்ப இழுங்க."

மேட்டில் ஆட்டோ குதித்தபோது அவர் தலை அவள் தோளில் சரிந்தது. கன்னத்தைத் தட்டினாள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர்மேல் கைநீட்டாதவள், ரோடு முழுக்க அடித்துக்கொண்டே வந்தாள்.

"சீக்கிரம், பேக ஹோகு சந்திரா!"

"போறேன்க்கா, முன்னாடி மாட்டுவண்டி. ஏய், சரியப்பா!"

சாமியாத்தாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் காதருகில் குனிந்தாள். "ஆசுபத்திரில மாத்திரைன்னு சொல்லிப்போடாத புள்ள. அபின் கேசாயிரும். போலீசு வந்தா குடுத்தது ஆருன்னுதான் மொதல்ல கேப்பான். உன்னையக் கூட்டிட்டுப் போயிட்டா இவனை ஆரு பாக்கறது? சக்கரை இருக்குது, காத்தால ஒண்ணும் திங்கல, மயங்கிட்டான்னு சொல்லு. பொய்யொண்ணும் இல்லியே."

"இழுங்க மாமா," என்றாள் மகேஸ்வரி. வேறு எதுவும் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

நர்சிங் ஹோமில் காலைநேரக் கூட்டம். சந்திரன் போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் ரூபா இளம்பெண். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டே வந்து, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார்.

சாமியாத்தாள் முந்திக்கொண்டாள். "சக்கரெ வியாதி டாக்டரம்மா. பெளிகெயிந்த ஊட்டா இல்ல. மயக்கம்."

குளுகோஸ் எடுத்து வா என்று டாக்டர் நர்ஸுக்குக் கன்னடத்தில் சொன்னார். நர்ஸ் பாட்டிலை எடுக்க ஓடினாள். சந்திரன் கதவைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஓட்டத்தில் மகேஸ்வரி கால்நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது லிங்கப்பனின் மார்பு அசையவில்லை.

அவள் சாமியாத்தாளின் கையிலிருந்து மஞ்சள் பையைப் பிடுங்கினாள். அண்ணி விடவில்லை. பையின் காது அறுந்தது. சீட்டும் புட்டியும் ஸ்ட்ரெச்சரின் மேலேயே விழுந்தன.

"சக்கரையால இல்லீங்க டாக்டர்! வலி மாத்திரை. ரெண்டு. எட்டு மணிக்கு. அரைச்சுத் தேன்ல குடுத்தேன். நான்தான் குடுத்தேன். என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க, இவரு மூச்சு நின்னுபோச்சு!"

தமிழ் எவ்வளவு புரிந்ததோ, டாக்டர் புட்டியை எடுத்துப் பெயரைப் பார்த்தார். லிங்கப்பனின் இமையை விலக்கி டார்ச் அடித்தார். கண்ணின் கறுப்பு கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அரைச்சா? ரெண்டும் அரைச்சா?" இப்போது தமிழிலேயே கேட்டார்.

"ஆமாங்க."

அதன்பிறகு அந்த அறையில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். முகத்தில் ரப்பர் மூடியை அழுத்தி ஒரு பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தார் டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் பெட்டியிலிருந்து, அந்த மாத்திரையை முறிக்கும் ஊசிமருந்து கண்ணாடிக் குப்பியில் வந்தது. அதைத் தண்ணீர் மருந்தில் கலக்கி, ஒரேயடியாக ஏற்றாமல், கொஞ்சம் ஏற்றிவிட்டு நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம். மகேஸ்வரி கட்டிலின் கால்மாட்டில் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்ந்திருந்தது. "இழுங்க," என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். மூன்றாவது தடவை மருந்து ஏறியபோது மார்பு தானாக விம்மியது.

ஒன்று. உடனே இன்னொன்று.

பிறகு அவர் முனகினார். முனகல் பெரிதாகி, "ஐயோ, அம்மா" என்றாயிற்று. வலி திரும்பிவிட்டது. மூன்று மாதமாக எந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று சாமியை வேண்டினாளோ, அந்தச் சத்தத்தைக் கேட்டு மகேஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ரூபா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் பயம் போகல. இந்த ஊசியோட வேகம் சீக்கிரம் எறங்கிடும், மாத்திரை வேகம் நின்னு பேசும். சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல ஆள் வேணும்."

"போலீசு..." என்று சாமியாத்தாள் வாய்க்குள் சொன்னாள்.

"எதுக்கம்மா போலீஸ்? டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார், சீட்டுல இவர் பேர் இருக்கு." டாக்டர் புட்டியை மகேஸ்வரியிடம் நீட்டினார். "இது பன்னெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கற மாதிரி செஞ்ச மாத்திரை. அரைச்சா அத்தனையும் ஒரேயடியா எறங்கும். நீங்க பன்னெண்டு மணி நேர மருந்தை ரெண்டு மடங்கா ஒரே மூச்சுல குடுத்திருக்கீங்க."

"வாய் புண்ணுங்கறதாலதான் கடிக்க வேண்டாம்னாங்கன்னு..."

"ஒரு வேளை ஏன் விட்டீங்க?"

மகேஸ்வரி அண்ணியின் பக்கம் திரும்பவில்லை. "பழகிடும்னு பயந்துட்டோம்."

சாமியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

மாலை வரை மார்பு ஏறுவதும் இறங்குவதும்தான் மகேஸ்வரிக்கு உலகம். நர்ஸ் நிமிஷத்துக்கு எத்தனை என்று எழுதிவிட்டுப் போனால், அவள் தன் கணக்குக்கு இன்னொரு முறை எண்ணுவாள். நடுவில் ஒருமுறை மூச்சு மறுபடி தளர்ந்தது. மறுபடி ஊசி போட்டார்கள்.

மறுநாள் மதியம் லிங்கப்பனுக்கு நினைவு தெளிந்திருந்தது, வலியும் தெளிவாக இருந்தது. டாக்டர் ரூபா பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிவிட்டு வந்தார். விழுங்க முடியாதவர்களுக்கு அங்கே திரவமாகவே வலிமருந்து இருக்கிறதாம்; சீட்டோடு யாராவது போனால் கொடுப்பார்களாம். சந்திரன் பஸ் ஏறிவிட்டான். அவன் வரும்வரை மாத்திரைதான். ஒன்றே ஒன்று, முழுசாக.

நர்ஸ் சின்னத் தட்டில் அதை வைத்து நீட்டினாள். மகேஸ்வரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே குடுத்துருங்க சிஸ்டர். நான் தொடமாட்டேன்."

"வேண்டாம் சிஸ்டர்," என்றார் லிங்கப்பன், கரகரத்த குரலில். "இவளே குடுக்கட்டும்."

"மாமா, நான் உங்களை..."

"நேத்து ஆட்டோவுல நீ என்னைய அடிச்ச. ரெண்டு கன்னமும் வீங்கியிருக்கு. அதுக்குக் கடன் தீர்க்க வேண்டாமா?"

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"எங்கியோ கிணத்துக்குள்ள இருந்தேன். மேல ஒருத்தி இழு இழுன்னு கத்திட்டே இருந்தா. தூங்கவும் விடல." நிறுத்தி, எச்சிலை வலியோடு விழுங்கினார். "என் பொண்டாட்டி குரல்தான்னு தெரிஞ்சுது. இழுக்கலைன்னா விடமாட்டான்னும் தெரிஞ்சுது."

வாசலில் சாமியாத்தாள் நின்றிருந்தாள். கையில் வாழை இலையில் பொதிந்த ஏதோ இருந்தது. தேவராஜ மார்க்கெட் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பியிருக்கிறாள், சேலையோரம் சேறு.

"சிஸ்டரம்மா," என்றாள் தயக்கமாக, "வெண்ணெய்க்குள்ள வெச்சுக் குடுத்தா ஆகுமுங்களா? அரைக்கல, ஒடைக்கல. வழுக்கிட்டுப் போயிரும்."

நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள். உடையாமல், கடிபடாமல் போனால் சரி என்றாராம்.

சாமியாத்தாள் பொட்டலத்தைப் பிரித்து மகேஸ்வரியிடம் நீட்டினாள். "நீயே வெய்யி புள்ள."

மகேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சுண்டைக்காயளவு வெண்ணெய் எடுத்து நடுவில் அந்தக் கத்தரிப்பூ நிறத்தை வைத்து மூடி, உருட்டி, அவர் நாக்கின் பின்பக்கத்தில் வைத்தாள். ஒரு வாய் தண்ணீர். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடினார். ஒரு நிமிஷம் அவள் உயிர் அவர் தொண்டையில் நின்றது. பிறகு இறங்கியது.

அவர் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். காலி.

"இன்னைக்கு ஏலக்காய் இல்லியா?"

"பேசாம படுங்க." அவள் போர்வையை இழுத்துவிட்டாள். நேரத்தைச் சீட்டின் ஓரத்தில் எழுதினாள்: மதியம் இரண்டு. அடுத்தது இரவு இரண்டு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அரைமணி, ஒருமணி. வலி மெல்ல மெல்லத் தணிந்தது, நேற்றைப் போல ஒரேயடியாக அல்ல. அவர் அவள் கையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தார். மகேஸ்வரி வார்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். நொடிமுள் பன்னிரண்டில் இருந்தது. இழுங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

முள் ஒன்றைத் தொடுவதற்குள் அவர் தானே இழுத்தார்.