பெட்டிக்குள் வைத்த சீட்டு

அந்தப் பேக்கிங் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காதக்கா என்றால்தான் தெரியும். காது ஒன்றும் பெரிதில்லை, கம்மல்கூடப் பொட்டளவுதான். ஆனால் மற்றவர்களுக்குக் கையால் நடக்கிற வேலை அவளுக்குப் பாதி காதால் நடக்கும்.

வேலை இதுதான். ஊசி மருந்து நிரப்பிய கண்ணாடிக் குப்பிகள் நூறு நூறாக அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் அட்டைத் தடுப்புக்குள் ஒவ்வொன்றாக இறக்கி, அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் ஐஸ் பேக் சொருகி மூட வேண்டும். மருந்து சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. சூடானால் மருந்தோடு போயிற்று. உறைந்தால் உள்ளே இருப்பது உப்பிக் கண்ணாடியின் அடியையே நெம்பிவிடும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைத்துவிட முடியாது. மேசையில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரம் சொல்லாது. வெயில் நாளில் அரை மணி, மழை நாளில் ஒரு மணிக்கும் மேலே. காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே துளித் தண்ணீர் புரளும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் பக்குவம். கேட்காவிட்டால் அது இன்னும் கல்.

பெட்டியை மூடுமுன் ஒரு சின்னச் சீட்டில் ‘கேட்டாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே வைப்பது அந்தக் கூடத்து வழக்கம். காதக்காவின் சீட்டு இருந்தால் சூப்பர்வைசர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

“அக்கா, என் வயித்துல என்ன சத்தம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்” என்பாள் பக்கத்து மேசையில் அட்டைத் தடுப்பு மடிக்கிறவள்.

“ஒன்னும் கேக்கல. காலி. போய்ச் சாப்பிடு” என்பாள் இவள், ஐஸ் பேக்கைக் காதிலிருந்து எடுக்காமலே.

கூடத்தின் மூலையில் ஜன்னல் வைத்த சிறு அறை ஒன்று உண்டு. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான பலகைக்கு முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குப்பியையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் காதக்காவின் நாத்தனார், கணவனின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவோடு இருந்துவிட்டவள். அவள் கண்ணுக்கு மயிரிழைக் கீறலும் தப்பாது என்பதால் லென்ஸு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கம்பெனி. அண்ணியும் நாத்தனாரும் ஒரு நாளும் சண்டை போட்டுப் பார்த்ததில்லையே என்று மற்றவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்த வியாழக்கிழமை ஒன்பது பெட்டி போக வேண்டியிருந்தது. காலையிலிருந்து தூறல். ஐஸ் பேக்கைப் பரப்பிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, சூப்பர்வைசர் மேசையில் போன் அடித்தது. எதிர்வீட்டம்மா.

“உன் மாமியார் கட்டில்லேர்ந்து விழுந்துட்டாங்கம்மா. கூப்பிட்டா பதில் இல்ல. சீக்கிரம் வா.”

லென்ஸு அறைக்குள் இருந்தாள். கையிலெடுத்த குப்பித் தட்டை முடிக்காமல் அங்கிருந்து எழுந்து வர விடமாட்டார்கள்.

“நீங்க கிளம்புங்கக்கா. பெட்டி நாளைக்குப் போகட்டும், நான் சொல்லிக்கிறேன்” என்றார் சூப்பர்வைசர். நல்ல மனுஷர்தான்.

“வண்டி வந்து நிக்குது சார். பத்தே நிமிஷம். முடிச்சிட்டே போறேன்.”

அங்கேதான் அவள் சறுக்கினாள். மேசையைப் பாதியில் விட்டுப் போனவள் என்று இத்தனை வருஷத்தில் பேர் வாங்கியதில்லை. அன்றும் வாங்க மனசு வரவில்லை. முதல் ஐஸ் பேக்கை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினாள். சத்தமில்லை. இரண்டாவதை எடுத்தாள். அதைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. கேட்டால்தானே தெரியும், கேட்காமல் இருந்துவிட்டால் தெரியாது அல்லவா. வழியில் உருகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே மடமடவென்று சொருகினாள். ஒன்பது பெட்டி, ஒன்பது சீட்டு. ஒன்பதிலும் ‘கேட்டாச்சு’.

வீட்டுக்கு ஓடினால், மாமியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து எதிர்வீட்டம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

“நான் எங்க விழுந்தேன்? இறங்கினேன். இந்தக் கட்டில்தான் உயரம்.”

“கூப்பிட்டப்ப ஏன் அத்த பதில் சொல்லல?”

“அவ கத்துன கத்துல எனக்கே பயமாப் போச்சு. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பேசாம படுத்திருந்தேன்.”

அன்று மாலை லென்ஸு வந்து கேட்டபோது, “கடைசிப் பெட்டிய கொஞ்சம் அவசரமா மூடிட்டு ஓடி வந்துட்டேன்” என்று மட்டும் சொன்னாள் காதக்கா. முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஒன்றுமில்லை என்று மனசு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்த நேரத்தில், திங்கட்கிழமை காலை ஒரு பெட்டி திரும்பி வந்தது.

ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் அதை நடுமேசையில் வைத்துத் திறந்தார். அட்டைத் தடுப்பு நனைந்து கூழாகிக் கிடந்தது. மூன்று குப்பிகளுக்கு அடி இல்லை. மூடியும் கழுத்தும் அப்படியே இருக்க, அடி மட்டும் சின்னக் காசு மாதிரி வட்டமாகக் கழன்று கிடந்தது. பக்கத்திலேயே அவள் எழுதிய சீட்டு. ஈரத்தில் மை கசிந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை.

“காதக்கா கேட்டிருக்காங்க. அப்ப ஐஸ்ல தப்பில்ல” என்றார் சூப்பர்வைசர். “கண்ணாடியே அடி மெலிசா வந்திருக்கணும். அத பாத்து ஒதுக்க வேண்டியது யாரு?”

எல்லோரும் லென்ஸுவைப் பார்த்தார்கள். அவள் ஒரு குப்பியை எடுத்தாள். விளக்குப் பக்கம் தூக்கி, உடைந்த விளிம்பை விரலால் தொடாமல் கண்ணாலேயே சுற்றி வந்தாள். விரிசலைப் பார்த்தே அது எங்கே பிறந்தது என்று சொல்லக்கூடியவள் அவள். மோதி உடைந்தால் குப்பியின் தோளில் நட்சத்திரம் மாதிரி விழும். உள்ளே உறைந்து உடைந்தால் இப்படித்தான், அடி கழன்றுவிடும். காதக்காவுக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

குப்பியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“நான் கவனிக்காம விட்டிருப்பேன் சார்.”

“நீயா?”

“ஆமா சார்.”

“நாளைலேர்ந்து அந்த அறைக்கு நீ வர வேணாம்மா. நான் மேல எழுதியாகணும்” என்றார் சூப்பர்வைசர்.

காதக்காவின் கை தானாகப் போய் ஓர் ஐஸ் பேக்கை எடுத்துக்கொண்டது, என்னவோ வேலையிருப்பது போல.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்தில் நாத்தனாரைப் பிடித்தாள். குழாய் திறந்திருந்தது.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“மெல்லப் பேசுங்க அண்ணி.”

“அது உறைஞ்சு உடைஞ்சதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். எங்கம்மாவுக்காகத்தான ஓடுனீங்க. நான் உள்ள உக்காந்து பாட்டில் பாத்துட்டிருந்தேன், நீங்கதான் போனீங்க. ஒரு பெட்டி. அதுவும் திரும்பி வந்துருச்சு. எனக்கு வேற இடம் போட்டுக் குடுப்பாங்க. உங்க சீட்டு மேல சந்தேகம் வந்தா, இந்தக் கூடத்துல வேற எத நம்புவாங்க?” முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். “அப்புறம் உங்கள காதக்கான்னு கூப்பிட முடியாது. புதுசா ஒரு பேரு யோசிக்கணும்.”

காதக்கா சிரிக்கவில்லை.

“ஒரு பெட்டி இல்லடி.”

“என்ன?”

“ஒம்போதும். ஒன்னையும் நான் கேக்கல.”

லென்ஸு குழாயை மூடினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடியும் கழற்றினாள்.

“மத்த எட்டு?”

“எட்டும் எட்டு எடத்துக்குப் போயிருக்கு.”

“அடி கழண்டு போனா பாத்தவுடனே தெரிஞ்சிடும் அண்ணி. தூக்கிப் போட்டுடுவாங்க. கீறல் மட்டும் விழுந்திருந்தா?” அவள் குரல் இறங்கிவிட்டது. “அது எனக்கே விளக்குல நாலு தரம் திருப்பினாத்தான் தெரியும். நர்ஸம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவங்க ஊசில ஏத்திடுவாங்க.”

கீறல் வழியே என்னென்ன உள்ளே போகும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது. கீறலே விழாவிட்டாலும் உறைந்து உருகிய மருந்து மருந்தில்லை.

“நீ சாப்பிடு” என்றாள் காதக்கா. “நான் சார்கிட்ட போயிட்டு வரேன்.”

“நானும் வரேன்.”

“வேணாம். சீட்டு என்னோடது.”

சூப்பர்வைசர் டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுக்கப் போயிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். வியாழக்கிழமை போன் வந்தது, முதல் பேக் சத்தம் போடாதது, இரண்டாவதைக் கேட்காதது, ஒன்பது சீட்டு எழுதியது. அழவில்லை. அழுதால் அவர் இரக்கப்படுவார். இரக்கப்பட்டால் நேரம் போகும்.

அவர் டப்பாவை மூடினார்.

“நான்தான் போகச் சொன்னேனேக்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிறகு போனை எடுத்தார். எட்டு இடத்துக்கும் அவரே பேசினார். அவள் பக்கத்தில் நின்று, அவர் காதிலிருந்த போனில் அந்தப் பக்கம் பேசுவது ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காது அதற்கும் உதவியது. இன்னும் திறக்கவில்லை. திறக்கவில்லை. ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. ஏழு இடத்தில் இப்படித்தான். எட்டாவதில், ஒரு சின்ன கிளினிக்கில், ஒரு நர்ஸம்மா போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தாள்.

“அஞ்சு எடுத்திருக்கோம். சனிக்கிழமை. அஞ்சு பேருக்குப் போட்டாச்சு.”

“எப்படி இருக்காங்கம்மா?”

“இப்பவரைக்கும் யாரும் ஒன்னும் சொல்லல. கூப்பிட்டுப் பாக்குறேன். புது மருந்து அனுப்புங்க, திரும்பப் போடணும். மூணு நாள் பாத்துட்டுத்தான் என்னால எதையும் சொல்ல முடியும்.”

மறுநாள் மாலைக்குள் ஏழு பெட்டி திரும்பி வந்தன. மருந்து முழுக்கக் கழிவுக்குத்தான். ஆனாலும் எத்தனை விரிசல் என்று பார்த்து எழுதியாக வேண்டும். லென்ஸுவை மறுபடி அந்த அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதக்காவை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நாத்தனாரின் கை குப்பியை எடுக்கும், கறுப்புப் பக்கம் ஒரு தரம், வெள்ளைப் பக்கம் ஒரு தரம், பிறகு இடப்பக்கத் தட்டில் வைக்கும். இடப்பக்கம் என்றால் கீறலில்லை. இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம். நாலாவது பெட்டியில் ஒரு குப்பியைத் திருப்பிய கை நின்றது. மறுபடி திருப்பியது. லென்ஸு ஜன்னல் பக்கம் பார்க்காமலே அதை வலப்பக்கம் வைத்தாள்.

ஏழு பெட்டியிலும் சேர்த்து அப்படி ஆறு குப்பி.

அந்த மூன்று நாளும் காதக்கா அட்டைத் தடுப்பு மடித்தாள். பேக்கிங் மேசை அவளுக்கு இனி கிடையாது என்று மேலிடம் எழுதிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கிறவள் முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், “அந்த ஓரத்த நகத்தால அழுத்தக்கா, இல்லன்னா பிரிஞ்சுக்கும்” என்றாள். அது போதுமாக இருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் காதக்காவின் கையிலிருந்த அட்டை பாதி மடிப்பில் நின்றது. வீட்டில் மாமியார் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “நான் விழாம இருந்திருக்கலாம்” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். விழுந்தேன் என்று அவள் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

வியாழக்கிழமை மதியம் வண்டிக்காரர் எட்டாவது பெட்டியைக் கொண்டுவந்தார். சூப்பர்வைசர் ஒன்பது சீட்டையும் ஒரு கத்தையாக அவளிடம் நீட்டினார்.

“ஒவ்வொன்னுலயும் உள்ளதை உள்ளபடி உங்க கையாலயே எழுதிக் குடுங்கக்கா. ஃபைல்ல வைக்கணும்.”

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ‘கேட்டாச்சு’ என்பதற்குக் கீழே, ‘கேட்கவில்லை’. தேதி. கையெழுத்து. எட்டு முடிந்தது. ஒன்பதாவது கிளினிக்கிலிருந்து வந்த சீட்டு. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வேறு யாரோ நீலப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

‘அஞ்சு பேரையும் இன்னிக்குப் பாத்தேன். ஒருத்தருக்கு மட்டும் கை லேசா வீங்குச்சு, இப்ப வீக்கம் வடிஞ்சிருச்சு. அஞ்சு பேரும் காலையில நல்லா சாப்பிட்டாங்க. – நர்ஸ்.’

இரண்டு தரம் படித்தாள். பிறகு சீட்டை முன்பக்கம் திருப்பி, மற்ற எட்டில் எழுதியதையே அதிலும் எழுதினாள்.

கூடத்தின் அந்தக் கோடியில் புதிதாக வந்தவள் ஐஸ் பேக்குகளைப் பரப்பிவைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கினாள். இங்கிருந்தே காதக்காவுக்குத் தெரிந்தது, அது இன்னும் கல். எழுந்திருக்கப் போனாள். புதியவள் அதற்குள் பேக்கைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

காதக்கா உட்கார்ந்து, அடுத்த அட்டையை எடுத்து ஓரத்தை நகத்தால் அழுத்தினாள்.