பத்து டெசிபல் மிச்சம்

1

இந்தக் கதை ஒரு பாவாடையில் தொடங்கியது. ஜாலான் புசார் தெருவில் ஒரு மாடியில், கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவில் யாரோ அதைக் காயப் போட்டிருந்தார்கள். உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

[முதல் வரி: "1964. பொங்கோல் கடலில் அந்தி மெல்ல..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

2

காதர் மைதீன் கடலோரப் பொங்கோலில் மீன் வியாபாரி, குடும்பம் பல மைல் தள்ளி நகரத்துத் தேக்காவில். ரேடியோ மெக்கானிக் நூருல் அமீன் அவரிடம் போய் மகள் ரஷீதாவைப் பெண் கேட்டான்.

"நான் பொங்கோல்ல பேசுறது தேக்கா வீட்டுல கேக்கட்டும். அப்புறம் நிக்காஹ் லா," என்றார் அவர். வயர்லெஸ் லைசென்ஸும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

நூருல் கணக்குப் போட்டான். அனுப்பும் சக்தியோடு இரண்டு முனை ஆன்டெனாவின் ஆதாயத்தையும் கூட்டினான். கேபிளில் வீணாவது, தூரம் தின்பது, நடுவே தென்னந்தோப்பு மறைப்பது எல்லாவற்றையும் கழித்தான். சிக்னல் பலம் தேவைக்கு மேல் பத்து டெசிபல் மிஞ்சியது.*

* மழைக்கும் கெட்ட நேரத்துக்கும் ஒதுக்குவது. எழுத்தாளனுக்கு இந்த வசதி கிடையாது.

3

சோதனை நாளன்று தேக்கா வீட்டுக் கருவி வெறும் இரைச்சலைத்தான் தந்தது. நூருல் மாடிக்கு ஓடினான். ஆன்டெனா பொங்கோலைப் பார்க்காமல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பிகள் முழுக்க ஈரக் கைலிகள். பக்கத்தில் ரஷீதா.

"என்னங்க இது! எல்லாத்தையும் கழிச்சேன், உங்க துணியைக் கழிக்கலையே!"

"என்னையே கணக்குல சேர்க்கலை. வாப்பாவைக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

[இது நான் எழுத நினைத்த வசனம் இல்லை. முந்தைய மூன்று வரைவுகளில் அவள் தலையைக் குனிந்துகொண்டு... சரி, விடுங்கள். இரண்டு தடவை அடித்தும் திரும்பி வந்துவிட்டது.]

4

நூருல் அவசரமாகக் கேட்டான்: "இப்பக் கேக்குறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?" பாவம், நல்ல பையன்தான்.

"பதிலை வாப்பாவும் கேக்கட்டும்," என்று ரஷீதா கைலிகளை உருவினாள். ஆன்டெனாவைப் பொங்கோல் பக்கம் அவளே திருப்பினாள். கீழே கருவியில் வாப்பாவின் குரல் அலறியது: "ரஷீதா! நான் பேசுறேன்மா! தேதி குறிச்சிடலாம்!"

முடிவு அ: சம்மதம், பிரியாணி. முடிவு ஆ: மறுப்பு, நூருல் ஆன்டெனாவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு... "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று நான் நழுவியிருக்கலாம். அதற்குள் ரஷீதா இறங்கிப்போய் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

இந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். அவள் விரலை எடுக்கும்வரை வாப்பா என்ன கத்தினாலும் இங்கே வராது. நூருல் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான். நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள், அவள் பேசட்டும்.